கறுப்பு மையின் புண்ணியம்

கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தமாக ஒரு தபால் துறை இருந்தது. அஞ்சல் என்று பெயர். மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் வந்தால் வழியில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா 1854-லேயே நாடு முழுக்கத் தபால் தலை விற்கத் தொடங்கிவிட்டது. கொச்சி அவசரப்படவில்லை. 38 ஆண்டுகள் கழித்து, 1892-ல்தான் தானும் தலை அச்சிடத் துணிந்தது. எர்ணாகுளத்தில் அரசு அச்சுக்கூடம் இருந்தது. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் நுணுக்கமாக அச்சுவார்ப்பு செதுக்க ஆள் வேண்டுமே? அந்த வேலை போய்ச் சேர்ந்த இடம் ஒரு கடிகாரக் கடை.

மதராஸ் மவுண்ட் ரோடில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ்தான் அது. கடிகாரமும் நகையும் வெள்ளிப் பாத்திரமும் செய்து பழகிய கைகள் சங்கு முதலான சமஸ்தானச் சின்னங்களைச் செதுக்கிக் கொடுத்தன. அரை புத்தன், ஒரு புத்தன், இரண்டு புத்தன் என மூன்று தலைகள் வெளிவந்தன. ஆறு புத்தன் சேர்ந்தால் ஐந்து அணா. ஒவ்வொரு விலைக்கும் ஒரு நிறம் என்பது ஏற்பாடு. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு தடம் புரண்டது. ஒரு புத்தன் தலைகள் சில, இரண்டு புத்தனுக்கு உரிய அடர்ஊதா மையில் அச்சாகிவிட்டன. அச்சுக்கூடம் அவற்றை எரித்திருக்கலாம். கொச்சி அப்படிச் செய்யவில்லை. தவறிய தலையும் கவரில் ஏறி ஊர் சுற்றியது.

1909-ல், அணாவைவிடச் சிறிய காசான பை கணக்கில், இரண்டு பை தலை தேவைப்பட்டது. கையிருப்பில் இருந்ததோ மூன்று பை தலை. அதன் மேல் கறுப்பு மையில் ‘2’ என்று ஒரு குத்து. அவசர வேலை என்பதால் சில தலைகளில் அந்த 2 தலைகீழாக விழுந்தது. இப்படியே போனால் மரியாதை கெடும் என்று நினைத்தார்களோ என்னவோ, 1911-ல் வேலை லண்டனுக்குப் போனது. உலகின் முதல் தபால் தலையான பென்னி பிளாக்கை 1840-ல் அச்சிட்ட பெர்கின்ஸ் பேக்கன் நிறுவனம் கொச்சிக்குத் தலை அச்சிட்டது. முதன்முறையாக அரசர் ராமவர்மாவின் முகமும் அதில் ஏறியது. ஷொர்ணூரிலிருந்து கொச்சிக்கு ரயில் கொண்டுவந்தவர் அந்த ராமவர்மா. கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்று அதற்குப் பணம் திரட்டினார் என்று ஊர் இன்றும் பேசுகிறது. அச்சு கச்சிதமாக வந்தது, முகமும் கம்பீரமாக இருந்தது. மூன்றே ஆண்டில், 1914-ல், அந்த அரசர் தாமாகவே முடியைத் துறந்துவிட்டார்.

கொச்சியின் சிக்கல் இங்கேதான் வேர் விட்டது. அரச குடும்பத்து ஆண்களில் மூத்தவருக்கே பட்டம் என்பது அந்த வம்சத்து மரபு. முடி சூடும் நாளிலேயே அரசருக்கு வயதாகியிருக்கும். அரசர் மாறினால் தலையில் முகமும் மாற வேண்டும். புது முகத்தை வரைந்து, செதுக்கி, அச்சிட்டு வருவதற்குள் காலம் ஓடிவிடும். 1932-ல் ஓர் அரசர் மறைந்தார். அடுத்து வந்தவர் ஒன்பது ஆண்டு தாக்குப்பிடித்தார். 1941-ல் அவரும் போனார். அதற்குப் பிறகு காலன் கொச்சி அரண்மனை வாசலிலேயே நின்றான். 1943, 1946, 1948 என மூன்று மரணங்கள் அடுத்தடுத்து நேர்ந்தன.

இதே காலத்தில் மட்டாஞ்சேரிக்கு எதிரே காயலில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1920-ல் வந்து சேர்ந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கப்பல் நுழைய முடியாதபடி முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டித் திறந்தார். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய சேறு மலை மலையாகச் சேர்ந்தது. அதைக் கடலில் கொட்டாமல் வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் கொட்டி நிலமாக்கினார்கள். வைஸ்ராயின் பெயரைச் சூடிக்கொண்டு வில்லிங்டன் தீவு எழுந்தது. எதையும் எறிய மனம் வராத அந்த ஊரின் குணத்துக்கு அஞ்சல் அலுவலகத்திலும் சோதனை வந்தது. சோதனையைக் கொண்டுவந்தது ஹிட்லரின் போர்.

1938-லேயே அச்சு வேலை லண்டனை விட்டு மதராஸின் அசோசியேட்டட் பிரிண்டர்ஸுக்கு மாறியிருந்தது. மறு ஆண்டு போர் மூண்டது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு, கட்டணங்களும் மாறின. தலையைச் சுற்றிப் பல் போல் துளையிடும் வேலைகூட ஒரே சீராக இல்லை. ஒரே தலை ஒரு முறை 11 அளவில் துளையோடு வந்தது, இன்னொரு முறை 13-ஐ ஒட்டிய அளவில் வந்தது. இறந்துபோன அரசரின் முகத்தோடு கட்டுக்கட்டாகத் தலைகள் மிஞ்சிக் கிடந்தன. அவற்றை என்ன செய்வது?

பழைய 1909 வைத்தியமே கைகொடுத்தது. மறைந்தவரின் முகத்துக்குக் குறுக்கே கறுப்பு மையில் புது விலை ஏறியது. சிலவற்றில் ‘அஞ்சல்’ என்ற ஒற்றைச் சொல் ஏறியது, சிலவற்றில் அதோடு விலையும் சேர்ந்து ஏறியது. 1941-ல் பட்டத்துக்கு வந்த கேரளவர்மாவின் முகத்தோடு புதுத் தலை 1943-ல் வந்தது. அந்த ஆண்டே அவரும் மறைந்துவிட, அந்தத் தலைக்கும் அதே கதி. எந்த அரசர், எந்தக் காகிதம், எந்தத் துளை, எந்தக் குத்து என்று பிரித்துப் பார்த்தால் வகைகள் பெருகிக்கொண்டே போயின. சில வகைகளில் அச்சானது மிகச் சொற்பம். அதை அன்று எவரும் எண்ணி வைக்கவில்லை.

கடைசியில் 1949-ல் கொச்சி அழகான இரண்டு படத் தலைகளை வெளியிட்டது. ஒன்றில் சீன வலை. மற்றொன்றில் வில்லிங்டன் தீவிலிருந்து பார்த்தால் எதிர்க்கரையான மட்டாஞ்சேரியில் இருக்கும் டச்சு அரண்மனை. போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர் செப்பனிட்டு, டச்சுக்காரர் பெயரே நிலைத்துவிட்ட மாளிகை. முகம் மாறும் தொல்லை இனி இல்லை என்று அஞ்சல்காரர்கள் மூச்சு விட்டிருப்பார்கள். அதே ஆண்டு ஜூலை 1-ல் கொச்சி என்ற சமஸ்தானமே இல்லாமல் போனது.

திருவிதாங்கூரோடு இணைந்தாயிற்று. மிஞ்சிய கொச்சித் தலைகள் மேல் மீண்டும் கறுப்பு மை ஏறியது, இம்முறை இணைந்த மாநிலத்தின் ஆங்கில முதலெழுத்துகளாக. 1951-ல் அஞ்சல் இந்தியத் தபாலில் கரைந்தது. கவர்கள் பரணுக்கும் அடுப்புக்கும் போயின. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. எறிவதும் வைத்திருப்பதும் விலையை எப்படி மாற்றும் என்பதற்குக் கடல் கடந்து ஓர் உதாரணம் உண்டு. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் டாப்ஸ் என்ற சூயிங்கம் நிறுவனம் பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளை வெளியிட்டது. அவற்றின் கடைசித் தொகுதி தாமதமாகக் கடைக்கு வர, ஆட்டக் காலம் முடிந்து சிறுவர்கள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். விற்காமல் தேங்கிய பெட்டிகளை நிறுவனத்தின் சை பெர்கர் 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டினார். அந்தத் தொகுதியில் மிக்கி மேண்டில் என்ற இளம் வீரரின் அட்டையும் இருந்தது. அது அவருடைய முதல் அட்டைகூட இல்லை, முதலாவது 1951-லேயே வேறு நிறுவனத்திடமிருந்து வந்திருந்தது. ஆனாலும் அந்த 1952 அட்டைகளில் பழுதில்லாத ஒன்று, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. புது வீரரின் முதல் அட்டையை வாங்கிப் பூட்டிவைத்தால் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று 1980-களில் அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். நிறுவனங்களும் அட்டைகளை மழையாகப் பொழிந்தன. எல்லாரும் பத்திரமாக வைத்ததால் எவருடையதும் அரிதாகவில்லை. அமெரிக்கா எறிந்ததால் அரிதாக்கியதை, கொச்சி எறிய மறுத்தே அரிதாக்கியிருந்தது.

கறுப்பு மையின் விலை என்ன என்பதை டெல்லியும் கொச்சி சமஸ்தானத்தின் கடைசி நாட்களில் தன்னையறியாமல் எழுதி வைத்தது. 1948 ஆகஸ்ட் 15-ல் காந்திக்கு முதல் தபால் தலைகள் வந்தன, சுவிட்சர்லாந்தில் அச்சானவை. கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக 100 தொகுப்புகளில் மட்டும் ‘சர்வீஸ்’ என்று கறுப்பில் குத்தினார்கள். அந்த ஆண்டு ஜூன் முதல் அந்தப் பதவியில் இருந்தவர் ராஜாஜி. பத்து ரூபாய்த் தலைகள் நான்கு சேர்ந்த ஒரு துண்டு, முகமதிப்பு நாற்பது ரூபாய், 2017-ல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு ஒரு சேகரிப்பாளரிடம் போனது.

கொச்சித் தலைகள் அவ்வளவு உயரத்துக்கு ஏறவில்லை. பெரும்பாலானவை இன்றும் எளிதாகக் கிடைக்கும் சாதாரணத் தலைகள்தான். கையிருப்பைத் தீர்க்க அவசரத்தில் அடித்த குத்துகளிலும், மாறிப்போன துளைகளிலும் சில மட்டும் உலகத் தபால் தலைப் பட்டியல்களில் தனி வரி பிடித்து, அதே முகம் கொண்ட மற்றவற்றைவிடப் பல மடங்கு விலை பேசப்படுகின்றன. நீண்ட காலம் வைத்திருக்க வாங்குபவர்கள் அரசரின் முகத்தைப் பார்ப்பதில்லை. துளை எண்ணும் அளவுகோலையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கறுப்பு மையைத்தான் பார்க்கிறார்கள். விலை மையில் இருக்கிறது என்று தெரிந்ததும், சாதாரணத் தலையை வாங்கி அதன் மேல் போலிக் குத்து அடிப்பவர்களும் முளைத்துவிட்டார்கள். அதனால் இன்று நல்ல கொச்சித் தலை பெரும்பாலும் தனியாக விலைபோவதில்லை. அந்த மை உண்மையானது என்று நிபுணர் கையெழுத்திட்ட சான்றிதழும் கூடவே கைமாறுகிறது.