தப்ரபனே பிறந்த கதை

சோளகம் பலத்தால் கண்டக்குழியில் வள்ளங்கள் மணலுக்கு ஏறிவிடும். காற்றோடு மல்லுக்கட்டக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலங்கை என்னும் இந்தத் தீவைப் பற்றி மேற்கே எழுதிவைத்திருந்த கணக்கைத் திருத்தியதும் ஒரு காற்றுதான்.

முதலில் எழுதியவர் மெய்யியல் படித்தவர். டயோஜினிஸின் சீடர் ஒனேசிக்ரிட்டஸ், அலெக்சாந்தரின் கப்பலில் சுக்கான் பிடித்தவர். தட்சசீலத்து ஆடையில்லா முனிவர்களிடம் பிதாகரஸ், சோக்கிரதீஸ், தம் ஆசான் ஆகிய மூவரையும் பற்றிப் பேசியவர். கி.மு. 325இல் சிந்துவின் முகத்துவாரத்தோடு மேற்கே திரும்பிவிட்டார். இந்தப் பக்கம் வரவேயில்லை. ஆனாலும் தப்ரபனே 5,000 ஸ்டேடியம் என்று எழுதினார். நம் தாமிரபரணி, பாளியின் தம்பபண்ணி, கிரேக்க நாவில் அப்படி ஆயிற்று. 5,000 என்பது நீளமா, அகலமா? அவர் சொல்லவில்லை என்று பின்னாளில் ஸ்ட்ராபோ குறித்துவைத்தார். இடையில் அலெக்சாந்திரிய நூலகத் தலைவர் எரதோஸ்தனிஸ் நீளம் 7,000, அகலம் 5,000 என்று பிரித்தார். நகரமே இல்லை, 700 சிற்றூர்கள் என்றார். 7,000 ஸ்டேடியம் என்றால் 1,000 கிலோமீட்டருக்கும் மேல். தீவின் நீளமோ ஏறத்தாழ 435 கிலோமீட்டர். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினால் இப்படித்தான் வரும்.

அந்தக் கணக்கைத் திருத்திய காற்று ரோமர் காலத்தில் வீசியது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்தவர் அன்னியஸ் புளோகமஸ். அவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவர், அரேபியாவைச் சுற்றி ஓடுகையில் வாடைக் காற்றில் அகப்பட்டு, 15ஆம் நாள் ஹிப்புரோஸ் துறையில் ஒதுங்கினார். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. கண்டக்குழியிலிருந்து கடலோடு வடக்கே போனால் வரும் குதிரைமலை முனைதான் அது என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அங்கே ஒதுங்கியவர் ஆறு மாதம் தீவின் அரசனுக்கு விருந்தாளியாக இருந்தார். அவர் கையிலிருந்த வெள்ளிக்காசுகளில் முகங்கள் வேறு வேறு. எடை மட்டும் ஒன்றே. பல மன்னர்கள் அடித்த காசு இப்படி நேராக நிற்கிறதே என்று வியந்த அரசன், பேரரசர் கிளாடியஸின் ரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்பினான். எங்கள் நாட்டில் 500 நகரங்கள் உண்டு என்று அவர்கள் தம் வாயால் சொன்னார்கள். நூலகத்துக் கணக்கில் இல்லாத நகரங்கள் அவை. கி.பி. 77 அளவில் ரோமானிய எழுத்தாளர் பிளினி அதை எழுதிவைத்தார்.

ஒனேசிக்ரிட்டஸின் நூல் இன்று கிடையாது. பிறர் எடுத்தாண்ட வரிகளில்தான் அவர் வாழ்கிறார். புளோகமஸின் அடிமை லிசாஸ் என்பவர் கி.பி. 6இல் எகிப்தின் பாலைவனப் பாதையில் பாறையொன்றில் தம் பெயரைச் செதுக்கியிருக்கிறார். குதிரைமலையில் ஒதுங்கிய அந்த மனிதரின் பெயரைப் பிளினி எழுதவில்லை.