தோலுக்குள் ஒரு வாசல்

அத்தையின் மூன்றாவது கீமோவுக்காக வடகரையிலிருந்து சென்னைக்குப் போயிருந்தோம். நர்ஸ் இரண்டு கைகளையும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்கல" என்றார். முந்தைய மருந்தில் கை ரத்தக்குழாய்கள் கறுத்துக் கயிறுபோல இறுகியிருந்தன. அன்றுதான் டாக்டர் 'போர்ட்' வைக்கலாம் என்றார். காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சிறு கிண்ணம்; அதிலிருந்து இதயத்தின் அருகே போகும் மெல்லிய குழாய். அத்தை ஒன்றுதான் கேட்டாள்: "ஏ ஐயா, இதோட அருவியில குளிக்கலாமான்னு கேளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கருவியின் வரலாற்றைப் படித்த பிறகு வரவில்லை.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தன் கை ரத்தக்குழாய் வழியே ஒரு குழாயை இதயம்வரை செலுத்தி, அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். கண்டனம்தான் முதலில் கிடைத்தது. நோபல் பரிசு 1956இல்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது போர்ட் உலகில் எங்குமே இல்லை. நரம்பு வழி மருந்தென்றால் பெரும்பாலும் கையில்தான் குத்த வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக், பீகிள் நாய்க்குட்டிகளுக்கு வாய்வழி உணவே இல்லாமல், ரத்தக்குழாய் வழியே மட்டும் சத்துகளைக் கொடுத்து வளர்த்துக் காட்டினார். ஆய்வு 1968இல் வெளியானது. அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் கையின் சிறிய குழாயைப் புண்ணாக்கும். இதயத்தருகே பெருங்குழாயில் ரத்தம் வேகமாக ஓடுவதால் உடனே நீர்த்துவிடும். கீமோ மருந்துக்கும் இதே கணக்குதான்.

1973இல் ப்ரோவியாக், 1979இல் ஹிக்மன் தங்கள் சிலிக்கோன் குழாய்களைப் பற்றி எழுதினார்கள். மாதக்கணக்கில் உடம்பில் இருக்கக்கூடியவை. ஆனால் முனை மார்புக்கு வெளியே தொங்கும். நனையக்கூடாது, தினமும் பராமரிக்க வேண்டும்.

1982இல் ஜான் நீடர்ஹூபரும் குழுவினரும் முழுவதையும் தோலுக்குள் புதைத்த முறையை வெளியிட்டார்கள். கிண்ணத்தின் மூடி சிலிக்கோன். ஹூபர் ஊசியின் நுனி அந்த மூடியைத் துருவி எடுக்காது; ஊசியை உருவியதும் துளை மூடிக்கொள்ளும். பிறகு வெளியே எதுவும் இல்லை.

ஆக, 1979க்கும் 1982க்கும் நடுவே நோயாளிக்குத் திரும்பக் கிடைத்தவற்றில் ஒன்று குளியல்.

டாக்டர் சொன்னார்: "காயம் ஆறட்டும், ரத்த அணுக்கள் தேறட்டும். அப்புறம் குளிங்க, நெஞ்சுல தண்ணி அடிக்காம பாத்துக்கோங்க."

சிகிச்சை முடிந்த அடுத்த சாரலில், போர்ட்டை எடுக்கும் முன்பே, ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை ஈரத்தலையோடு வந்தாள். நெஞ்சை ஒரு கையால் மறைத்திருந்தாள்.

"ஓரமாத்தான் நின்னேன்" என்றாள்.