பட்டறையில் பிறந்த மறுசுழற்சி

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர வடிவமைப்புக் கல்லூரி மாணவர் டேவ் ஹேக்கன்ஸ். பழைய பிளாஸ்டிக்கைப் போட்டால் விலையுயர்ந்த இயந்திரம் பழுதாகிவிடும் என்று ஆலைகள் தயங்குவதைக் கண்டார். 2013-ல், பிளாஸ்டிக்கைத் துண்டாக்கவும் உருக்கி வார்க்கவும் சின்னச் சின்ன இயந்திரங்களைத் தாமே செய்தார். 'பிரெஷஸ் பிளாஸ்டிக்' என்று பெயர். காப்புரிமை என்று பூட்டி வைக்காமல், வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார். 2016-ல் திருத்திய வடிவங்களும் வந்தன. வெல்டிங் தெரிந்தவர், பழைய இரும்புச் சாமான்களைக் கொண்டே இவற்றைச் செய்துவிடலாம்.

ஆனால் இயந்திரம் பாதி வேலைதான். வகை பிரிக்காமல் உருக்கினால் பொருள் உறுதியாக இராது, பி.வி.சி. கலந்துவிட்டால் நச்சுப்புகை வரும். தரம் பிரிக்கும் கைக்கு நல்ல கூலி கிடைத்தால்தான் இந்தப் பட்டறை நிலைக்கும்.