பொம்மைக் கார் ஓடிய தூரம்

யூனியன்வில்லின் டூகுட் குளக்கரையில் தன் முதல் ரேடியோ காரை ஓட்டப்போகும் குழந்தைக்கு எந்த பேட்டரியை வாங்குவது என்று யோசிக்கும் தகப்பன், இவ்விஷயத்தின் பூர்வ சரித்திரத்தில் இதே ஒன்டாரியோ மாகாணத்தவர் ஒருவர் நிற்பதை அறிந்தால் ஆனந்தமடைவான். பொன்டிபூலில் 1927-ல் பிறந்து, டொரான்டோ சர்வகலாசாலையில் பயின்ற லூயிஸ் அரி, 1955-ல் எவரெடி நிறுவனத்தாரால் கிளீவ்லாந்துக்கு அனுப்பப்பட்டு, துத்தநாகத்தைத் தூளாக்கிச் சேர்த்து ஆல்கலைன் பேட்டரியைச் சிருஷ்டித்தபின், அதன் மகிமையை மேலதிகாரிக்கு நிரூபிக்க இரண்டு பொம்மைக் கார்களையே சாதனமாகக் கொண்டார். உணவுக்கூடத் தரையில் பழைய பேட்டரி பூட்டிய கார் சற்று நகர்ந்து ஓய்ந்துவிட, மற்றதோ கூடத்தின் நீளத்தைப் பலமுறை கடந்து ஓடிக்கொண்டேயிருந்தது. அக்காட்சியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ஆயினும் இன்றைய கார்களின் மோட்டார் இழுக்கும் மின்சாரம் மிகுதியாதலால், ஆல்கலைன் கையிலுள்ள ரிமோட்டுக்கே உகந்தது. காருக்கு ஆதியில் நிக்கல் காட்மியமும், பின்பு 1.2 வோல்ட் செல்கள் ஆறு கோத்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடும், அப்பால் 7.4 வோல்ட் லிதியம் பாலிமரும் வந்தன. கடைசியது வேகம் மிக்கது; எனினும் செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடும், நசுங்கினால் தீப்பற்றவும் கூடுமாகையால், முதற்காருக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடையே சிபாரிசு செய்வேன். குளம் உறையும் மாதங்களில் அதை வீட்டுக்குள் வைத்திருந்து, ஓட்டும் வேளையில் மட்டும் பூட்டுதல் நலம்.