பைப் புகைப்பவர் தேடும் தீக்குச்சிக்கு சிவகாசி பட்டாசு ஆலைக்குள் ஏன் தடை?

பழைய தமிழ் சினிமாவில் பங்களா மாடிப்படியில் இறங்கி வரும் பணக்கார அப்பாவின் வாயில் ஒரு பைப் இருக்கும். அதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. இப்போது வீடியோக்களைப் பார்த்துவிட்டு, 'எந்தப் பைப் வாங்கலாம், என்ன புகையிலை போடலாம்' என்று விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'சிகரெட் மாதிரி புகையை உள்ளே இழுக்க வேண்டாம், அதனால ஆபத்து கம்மி' என்ற பேச்சும் கூடவே வருகிறது.

இதில் எது உண்மை? விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பைப்பைப் பற்ற வைக்கும் தீக்குச்சி தயாராகும் ஊர் சிவகாசி. அதே தீக்குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியாத ஊரும் சிவகாசிதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பைப், சுருட்டு, பீடி: என்ன வித்தியாசம்?

பீடியில் புகையிலைத் தூளைச் சுற்றியிருப்பது பீடி இலை. சிகரெட்டில் காகிதம். சுருட்டில் உள்ளே இருப்பதும் மேலே சுற்றியிருப்பதும் புகையிலைதான். ஆங்கிலத்தில் சுருட்டுக்கு வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே தமிழ்ச் சொல்லில் இருந்து போனதுதான். திருச்சி சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் வரை பிரபலம். பைப்பும் கையுமாகவே நாம் நினைத்துப் பார்க்கும் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ், 1887இல் வந்த தன் முதல் கதையில் கீழே கிடந்த சாம்பலைப் பார்த்தே 'இது திருச்சிராப்பள்ளி சுருட்டு' என்று கண்டுபிடிப்பார்.

பைப்பில் சுற்றும் இலையோ காகிதமோ கிடையாது. ஒரு சின்னக் கிண்ணம், அதிலிருந்து நீளும் தண்டு, வாயில் வைக்கும் முனை. அவ்வளவுதான். கிண்ணத்தில் புகையிலையை நிரப்பிப் பற்ற வைத்தால் அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட கனன்றுகொண்டிருக்கும்.

எந்தப் பைப்? எதனால் செய்தது?

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது 'பிரையர்' மரப் பைப். மத்திய தரைக்கடல் பகுதியில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டில் இருந்து கடைந்து எடுப்பது. சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கருகாது. விலை குறைந்தது சோளக்கதிர்ப் பைப். மக்காச்சோளத்தின் உள்தக்கையைக் குடைந்து செய்வார்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் இதற்குப் பேர் போனது. துருக்கியில் கிடைக்கும் வெள்ளைக் கல்லான 'மீர்ஷாம்' மூன்றாவது வகை. களிமண் பைப் எல்லாவற்றுக்கும் பழையது, தொட்டால் சுடும்.

பைப்பில் அனுபவம் உள்ளவர்கள் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்கள். கிண்ணத்தின் உள்பக்கம் பெயிண்டோ வார்னிஷோ இருக்கக் கூடாது, சூட்டில் அது எரிந்து புகையோடு வாய்க்குள் போகும். துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில் சரியாகத் திறக்க வேண்டும். சுத்தம் செய்யும் கம்பித்திரி ஒரு முனையில் விட்டால் தடையில்லாமல் போக வேண்டும்.

புகையிலையில் என்னென்ன வகை?

'வர்ஜீனியா' இலேசான இனிப்புள்ளது. இந்தியாவில் ஆந்திராவிலும் கர்நாடகத்தின் மைசூரு பகுதியிலும் விளைகிறது. 'பர்லி' காற்றில் உலர்த்துவது, நிகோடின் தூக்கல். 'லட்டாக்கியா' விறகுப் புகையில் பதப்படுத்துவது, அடுப்படி வாசனை அடிக்கும். பழ வாசனை, வெனிலா வாசனை சேர்த்த கலவைகளும் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களை இழுப்பது பெரும்பாலும் இந்த வாசனைதான். ஆனா வாசனை மாறினாலும் உள்ளே இருக்கும் நிகோடினும் தாரும் மாறுவதில்லை.

திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் விளையும் புகையிலை சுருட்டுக்கும் மெல்லுவதற்கும் போவது. பீடித் தூளைப் பைப்பில் கொட்டிப் பிடிக்கலாமா என்று சிலர் நினைக்கலாம். அது பொடியாக இருப்பதால் வேகமாக எரிந்து நாக்கைப் பொசுக்கும்.

எப்படிப் பற்ற வைக்கிறார்கள்?

புகையிலையை மூன்று தவணையாக நிரப்புவார்கள். அடியில் தளர்வாக, நடுவில் கொஞ்சம் அழுத்தி, மேலே இன்னும் அழுத்தி. முதல் தடவை பற்ற வைத்ததும் மேல்பகுதி பொங்கி எழும்பும். அதை மெல்ல அழுத்திவிட்டு மறுபடி பற்ற வைக்க வேண்டும். பிறகும் நடுநடுவே அணையும். ஒரு கிண்ணம் முடிவதற்குள் நாலைந்து குச்சி செலவாவது சாதாரணம்.

லைட்டரை விட்டுவிட்டுப் பலர் தீக்குச்சியைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. சாதாரண லைட்டரின் சுடர் மேல்நோக்கி நிற்கும், பைப்புக்கு நெருப்பு கீழ்நோக்கிப் போக வேண்டும். பெட்ரோல் லைட்டர் என்றால் அந்த வாடையும் சேர்ந்து வரும். குச்சியைக் கொளுத்தியதும் உடனே பைப்புக்குக் கொண்டுபோக மாட்டார்கள். தலையில் உள்ள மருந்து எரிந்து முடிந்து, வெறும் மரம் எரியும்வரை ஒரு நொடி பொறுப்பார்கள். கந்தக வாடை புகையிலையில் இறங்காமல் இருக்கத்தான் அந்த ஒரு நொடி.

அந்த மருந்தில் என்ன இருக்கிறது?

சிவகாசியின் கதையே அந்த மருந்தில் தொடங்குகிறது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்க 1922இல் கல்கத்தா போய்த் திரும்பினார்கள். மழை குறைந்த கரிசல் பூமிக்கு அது பிழைப்பானது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்தன. இன்று சிவகாசி, சாத்தூர் வட்டாரமும், பக்கத்து மாவட்டத்துக் கோவில்பட்டியும் சேர்ந்து நாடு முழுக்கத் தீப்பெட்டி அனுப்புகின்றன. 14 வருடம் 1 ரூபாயாக இருந்த பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆனது.

குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித்தூள் போன்றவை இருக்கும். பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் பற்றும்.

குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உராய்வுக்கே தீப்பிடிக்கும். அதனால்தான் இந்தக் கலவையைப் பட்டாசில் பயன்படுத்த மத்திய அரசு 1992இல் தடை விதித்தது. தீக்குச்சித் தலைக்கு விலக்கு உண்டு. அதாவது, பட்டாசுக்கே ஆகாது என்று ஒதுக்கப்பட்ட கலவைதான் குச்சியின் நுனியில் கடுகளவு உட்கார்ந்திருக்கிறது.

ஆலைக்குள் ஒரு குச்சி போனால் என்ன?

விறகு எரியக் காற்று வேண்டும். காற்றை அடைத்தால் அணையும். பட்டாசு மருந்து அப்படி இல்லை. அதிலுள்ள பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்புகள் எரிவதற்கான ஆக்ஸிஜனைத் தாங்களே கொடுக்கும். கூடவே கந்தகம், கரி அல்லது அலுமினியப் பவுடர். ஒரு பொறி விழுந்தால் மண்ணை அள்ளிப்போட்டு மூடக்கூட நேரம் இருக்காது.

எவ்வளவு சின்னப் பொறி போதும் என்பதற்கு ஆலைகளின் ஏற்பாடுகளே சாட்சி. உள்ளே நுழையும் முன் தொழிலாளர்கள் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்குவார்கள். நைலான், பட்டுத் துணி கூடாது, பருத்திதான். ஆணி அடித்த செருப்பு கூடாது. செல்போன் வாசலோடு சரி. பட்டாசு விபத்துகளில் அடிக்கடி சொல்லப்படும் காரணமும் மருந்தைக் கலக்கும்போதும் அடைக்கும்போதும் ஏற்படும் உராய்வுதான். உராய்வே போதும் என்கிற இடத்தில், எரியும் குச்சிக்கு வேலையே இல்லை.

2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சத்தம் கேட்டு உதவ ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. ஒரு அறையில் தொடங்கும் தீ அந்த அறையோடு நிற்காது என்பதை அந்த வட்டாரம் மறக்கவில்லை.

இதனால்தான் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், வெடிபொருள் தயாரிக்கும், இருப்பு வைக்கும், ஏற்றி இறக்கும் இடங்களிலும் அவற்றின் அருகிலும் புகைபிடிப்பதையும் நெருப்பையும் தடை செய்கின்றன. இதைக் கண்காணிப்பது மத்திய அரசின் பெசோ அமைப்பு. தலைமையகம் நாக்பூர், சிவகாசியிலும் அலுவலகம் உண்டு.

பைப் நெருப்பில் கூடுதல் சிக்கல் என்ன?

சிகரெட்டைக் காலால் நசுக்கினால் அணைந்தது கண்ணுக்குத் தெரியும். பைப்பில் கங்கு சாம்பலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேலே வெள்ளைச் சாம்பல், உள்ளே பல நூறு டிகிரி சூடு. 'அணைஞ்சிருச்சு' என்று நினைத்துத் தட்டிவிட்டால் விழுவது சாம்பல் மட்டும் இல்லை, கங்கும்தான். சூடு ஆறாத பைப்பைச் சட்டைப்பையில் போட்டு சட்டையைப் பொசுக்கிக்கொள்வதும் நடப்பதுண்டு.

மருந்துத் தூள் கையிலும் துணியிலும் ஒட்டும் என்பது இன்னொரு விஷயம். வேலை முடிந்து வெளியே வந்தாலும், கை கால் கழுவி உடை மாற்றாமல் தீக்குச்சியைக் கொளுத்துவது ஆபத்து. இது பைப், பீடி, சிகரெட் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

உள்ளே இழுக்காவிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகும். பைப், சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை கூடுதல். அதனால் நுரையீரலுக்குப் போகாமலேயே வாயின் உட்தோல் வழியாக நிகோடின் ரத்தத்தில் கலந்துவிடும். பழக்கத்துக்கு அடிமையாக அது போதும். உதடு, வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களோடு பைப் புகைக்கும் தொடர்பு இருக்கிறது. சிகரெட்டில் இருந்து பைப்புக்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தில் புகையை உள்ளே இழுப்பதும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகும் புகையும் குறைவில்லை.

2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியப் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேரும் தமிழ்நாட்டில் 20 சதவீதம் பேரும் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. இதுவரை தொடாதவர்கள் பைப் வழியாகத் தொடங்குவதில் உடம்புக்கு எந்த லாபமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் பட்டியலில் பைப் புகையிலையும் இருக்கிறது. ஆக, 'இது சிகரெட் இல்லையே' என்று தப்பிக்க முடியாது.

- பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம்.
- 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், கல்வி நிறுவனத்தில் இருந்து 100 கஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது.
- உறையில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருக்க வேண்டும். இல்லாத வெளிநாட்டு உறைகளை விற்பது சட்டவிரோதம்.
- சிறுவர்களுக்குப் புகையிலை கொடுத்தால் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

தீபாவளிக்குப் பட்டாசு வாங்க சிவகாசி போறவங்க கவனத்துக்கு

கடைக்கு உள்ளே மட்டும் இல்லை, வாசலிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் புகைக்கக் கூடாது. தீப்பெட்டி, லைட்டரை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குவது நல்லது. வாங்கிய பெட்டிகள் டிக்கியில் இருக்கும்போது, ஊர் போய்ச் சேரும்வரை காருக்குள் பைப்போ சிகரெட்டோ வேண்டவே வேண்டாம். ஜன்னல் வழியாக வீசிய கங்கு காற்றில் திரும்பி உள்ளே விழலாம். ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். பீடி, சிகரெட், சுருட்டு, பைப் என்று எந்தப் பழக்கமாக இருந்தாலும் இதே எண்தான்.