கரிசல் வீட்டுப் புழங்குபொருட்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் மேற்கே மலையடிவாரக் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்தது. கிழக்கே கரிசலில் கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்தன. வீட்டுக்கு வந்த தானியம் குலுக்கையில் சேர்ந்தது. பிசைந்த மண்ணை அடுக்கடுக்காக ஏற்றி வனைந்த குதிர் அது. மேலே கொட்டி, அடித்துளை வழியாக வேண்டிய அளவு எடுப்பார்கள்.

அளப்பதற்குப் படியும் மரக்காலும் இருந்தன. 8 படி ஒரு மரக்கால். திருநெல்வேலிச் சீமைக் கணக்கில் 21 மரக்கால் ஒரு கோட்டை. 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலியோடுதான் இருந்தது. 1956இல் நிறை, அளவைச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் கடைகளைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் படி வீட்டைவிட்டுப் போகவில்லை. கல்யாணத்தில் விளக்கின் அருகே நெல் நிரப்பி வைக்கும் நிறைநாழி அதைக் காப்பாற்றியது.

பித்தளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. புளி பட்டால் களிம்பேறும். ஈயம் பூச ஆள் வர வேண்டும். எவர்சில்வர் வந்ததும் பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதியதை வாங்கினார்கள். சீர்வரிசையாக வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் இருந்தது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்கு வேறு பத்திரமே இல்லாத பெண்வழி வரலாறு அது. உருக்கும் கொப்பரையில் அதுவும் போயிற்று. இதுவே பெரிய இழப்பு.

இத்தகைய பொருட்களைக் காக்க முனைந்தவர்களும் உண்டு. புனேயில் தினகர் கேல்கர் விளக்கு, பாக்குவெட்டி, சமையல் பாத்திரம் என ஆயிரக்கணக்கில் சேர்த்து, இறந்த மகன் ராஜாவின் பெயரில் அருங்காட்சியகம் அமைத்து அரசிடம் ஒப்படைத்தார். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, பழைய வீடுகளையே பெயர்த்து வந்து நிறுத்தியது. கரிசலின் பொருட்பெயர்களை எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி காத்தது.

ஆனால் அருங்காட்சியகங்களுக்குக் கொடையாக வருபவை பெரும்பாலும் உலோகமும் மரமுமே. குலுக்கையைத் தூக்கி வர முடியாது; வீட்டை இடிக்கும்போது அதுவும் உடைகிறது. சொளகும் நார்ப்பெட்டியும் ஓலைக்கொட்டானும் காப்பாற்றத் தக்கவை என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த வட்டாரம் இன்று அடங்கியுள்ள விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வு, பழங்கால மக்கள் நூல் நூற்ற சுடுமண் தக்களிகளை வெளிக்கொணர்ந்தது. மண்ணுக்குள் கிடந்த தக்களிக்குப் பதிவெண்ணும் குறிப்பும் கிடைத்துவிட்டன. பாட்டி முடைந்த பெட்டிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே அருங்காட்சியகத்துக்குப் பொருளைக் கொடுப்பவர்கள் அதன் உள்ளூர்ப் பெயர், செய்தவரின் ஊர், புழங்கிய வீடு, எதற்குப் புழங்கியது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சேர்த்தே கொடுக்க வேண்டும்.