நிலைக்கும் அறிவும் மாறும் தொழிலும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கணினி அறிவியற் கல்வி

1. வினா

பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி 1878-ஆம் ஆண்டிலும் தூய சவேரியார் கல்லூரி 1923-ஆம் ஆண்டிலும் தோன்றிய காலந்தொட்டு, தாமிரபரணிக் கரையூர்களில் உயர்கல்வி என்பது உத்தியோகத்துக்குரிய வாயிலாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்திருக்கிறது. வானம் பார்த்த மானாவாரிக் குடும்பமாயினும், கார், பிசானம் என்னும் இரு போகமும் விளையும் ஆற்றுப்பாசனக் குடும்பமாயினும், தன் பிள்ளைகளுள் ஒருவரையேனும் நிலத்தினின்று விடுவித்து மாதச் சம்பளம் வரும் ஓரிடத்தில் அமர்த்துவதற்காகவே கல்லூரிச் செலவைத் தாங்கிற்று. குமாஸ்தாவும் ஆசிரியரும் வக்கீலும் வங்கி அலுவலரும் ஒருவர்பின் ஒருவராக வகித்த அந்த ஸ்தானத்தை இன்று கணினிப் பொறியாளர் கைக்கொண்டுவிட்டார். அம்பாசமுத்திரத்திலோ ஸ்ரீவைகுண்டத்திலோ பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கியவுடன், “கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்குமா?” என்ற கேள்விதான் பல வீடுகளில் முதலில் எழுகிறது.

இக்கல்வியின் பயனைக் குறித்து இரண்டு அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. நிறுவனங்கள் பட்டத்தைக் கேட்கின்றன, ஆதலின் பட்டம் வேண்டும் என்பது ஒன்று. நான்காண்டு கல்லூரியில் கற்பது எதுவும் வேலைக்கு உதவுவதில்லை, ஆதலின் தொழிலை நேரே பழகுவதே போதும் என்பது மற்றொன்று. எதிரெதிர்க் கட்சிகள் போலத் தோன்றினும், கல்வியின் மதிப்பு முதல் நியமன உத்தரவோடு முடிந்துவிடுகிறது என்ற ஒரே கருத்தின்மேல்தான் இவ்விரண்டும் நிற்கின்றன. அக்கருத்தே பிழையானது என்பதும், உண்மையான பாகுபாடு பட்டத்துக்கும் தொழிலுக்கும் இடையிலன்றி, சில ஆண்டுகளில் காலாவதியாகும் அறிவுக்கும் ஒரு தலைமுறைக் காலம் நின்று உதவும் அறிவுக்கும் இடையிலேயே அமைந்திருக்கிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் முடிபுகளாகும்.

2. பல்கலைக்கழகங்கள் மாறின, பாடம் மாறவில்லை

திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரி 1981-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் இப்பகுதிக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1990-ஆம் ஆண்டில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் எல்லைக்குள் வந்தன. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலத்தின் பொறியியற் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டபோது மீண்டும் இடம் மாறின. 2007-இல் திருநெல்வேலிக்கெனத் தனியே ஓர் அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தது. 2012-இல் அதுவும் சென்னையிலுள்ள தாய்ப் பல்கலைக்கழகத்தோடு கலந்துவிட்டது. கலை அறிவியற் கல்லூரிகளோ பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முதலிய பட்டங்களைச் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே இன்றும் வழங்கி வருகின்றன.

சான்றிதழின் தலைப்பு இவ்வாறு பலமுறை மாறியிருந்தும், அதனுள் அடங்கிய பாடத்தின் மையம் வியக்கத்தக்க அளவு மாறாதிருந்தது. தனிநிலைக் கணிதம், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயங்குதளம், தரவுத்தளம், கணிப்பியல் கோட்பாடு என்னும் இவை, மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியின் காலமும், கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் வந்த ஐ.பி.எம். 1620-இன் காலமும், சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 370-இன் காலமும் கடந்து, அந்த இயந்திரங்களெல்லாம் வழக்கொழிந்த பின்னும் பாடத்திட்டத்தில் நிற்கின்றன. ஆதலின், பாடத்திட்டம் பழையது என்று பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டை நாம் நிதானித்தே ஏற்கவேண்டும். பழையதாயிருப்பது சில இடங்களில் அதன் குணமேயன்றிக் குறையன்று.

குறை வேறோரிடத்தில் இருக்கிறது. அதனைக் காணப் பரிசோதனைக் கூடத்துக்குள் செல்லவேண்டும். செய்முறைத் தேர்வுக்குரிய நிரல்கள் பத்தோ பன்னிரண்டோ ரெக்கார்டு நோட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டுக் கையொப்பமும் பெற்றுவிடுகின்றன. தேர்வு நாளில் சீட்டெடுத்து வந்த நிரலை மாணவர் மனப்பாடத்திலிருந்து தட்டச்சு செய்கிறார். ஓர் அரைப்புள்ளி விடுபட்டு நிரல் ஓடாவிட்டால், பிழை எங்கே என்று கணினி திரையில் அறிவிக்கும் வாசகத்தைப் படித்துப் பார்ப்பதற்குப் பதிலாக, முழு நிரலையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஒப்பிக்கிறார். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் பல வேளைகளில், நகரத்துக் கடைவீதியிலுள்ள ப்ராஜெக்ட் சென்டரில் விலைகொடுத்து வாங்கப்படும் பொருளாகவே இருக்கிறது. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்தவர் ஆங்கில நூலின் வாக்கியத்தைப் பொருளறியாது உருப்போடும் துன்பமும் இதனோடு சேர்கிறது. 2010-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது அது சிவில், மெக்கானிக்கல் என்னும் இரு பிரிவுகளுக்கே அமைந்தது. நிலைத்த அறிவு பாடத்திட்டத்தில் இருந்தும் மாணவர் மனத்துள் இறங்காமற் போவதற்கு இவையே காரணங்கள்.

3. தென்காசி காட்டும் சான்று

பட்டம் வேண்டுவதில்லை என்பார் தம் கட்சிக்குத் தவறாது காட்டும் சான்று தென்காசியாகும். ஸ்ரீதர் வேம்பு நிறுவிய ஜோஹோ நிறுவனம், அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாயிருந்த தென்காசிக்கு அருகே, மத்தளம்பாறை என்னும் கிராமத்தில் 2011-ஆம் ஆண்டில் ஓர் அலுவலகத்தைத் திறந்து, உலகெங்கும் விற்பனையாகும் மென்பொருளை வயல்சூழ்ந்த அவ்விடத்திலிருந்தே இயற்றலாம் என்று பிரத்தியட்சமாகக் காட்டியது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைப் பட்டம் கேளாமல் ஏற்றுப் பயிற்றும் பள்ளியையும் அந்நிறுவனம் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பிருந்தே நடத்தி வருகிறது.

இச்சான்று எதை நிரூபிக்கிறது என்பதே ஆராயத்தக்கது. அப்பள்ளியில் கட்டணம் இல்லை. மாறாக மாணவருக்கு உதவித்தொகை உண்டு. ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் கணிதமும் ஆங்கிலமும் நிரலாக்கமும் இடைவிடாது பயிற்றப்படுகின்றன; மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை; கற்பதற்குரிய பொழுது முழுவதும் செய்து பார்ப்பதிலேயே கழிகிறது. அஃதாவது, அங்கே கைவிடப்பட்டது பட்டமேயன்றிப் படிப்பன்று. படிப்பு முன்னிலும் அழுத்தமாகவே நடைபெறுகிறது. எனவே தென்காசி தரும் உண்மையான பாடம் கல்லூரி வீண் என்பதன்று. நல்லாசிரியரும் போதிய பயிற்சியும் கிடைக்குமாயின், குற்றாலச் சாரல் படும் சிற்றூர்ப் பிள்ளையும் இத்துறையில் முதல் வரிசையில் நிற்கமுடியும் என்பதே. அந்த வசதியைச் செய்யவேண்டியது கல்லூரியின் கடமை. அது செய்யத் தவறியதை ஒரு நிறுவனம் தன் தேவைக்காகச் செய்துகொண்டது.

அவ்வாறாயினும் நிறுவனப் பள்ளிக்கு ஓர் எல்லை உண்டு. தனக்கு வேண்டிய ஆட்களைத் தனக்கு வேண்டிய அளவில் பயிற்றுவதே அதன் நியாயமான நோக்கம். பிறிதொரு துறைக்குத் தாவுவதற்கும், ஆராய்ச்சியில் இறங்குவதற்கும், இன்று எவரும் கூலி கொடுக்காத ஒரு கோட்பாட்டை நாளைக்காகக் கற்றுவைப்பதற்கும் உரிய இடம் பல்கலைக்கழகமே. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-ஆம் ஆண்டில் சிவில் பொறியியற் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, செயற்கை நுண்ணறிவுத் துறையில் ஆற்றிய பணிக்காக 1994-இல் டூரிங் விருது பெற்றார். அவர் பயின்றபோது அக்கல்லூரியில் கணினி அறிவியல் என்றொரு பாடமே கிடையாது. அங்கே பெற்ற கணிதமும் பொறியியற் சிந்தனையும் அவரைப் புதியதொரு துறைக்குள் கொண்டு செலுத்தின.

4. கிராமக் கணக்கும் தரவுத்தளக் கோட்பாடும்

நிலைத்த அறிவு என்று யாம் குறிப்பது இன்னதென்பதை இவ்வூர் மக்கள் நன்கறிந்த ஒரு விஷயத்தைக் கொண்டே விளக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேடு, நிலத்தைப் புல எண் வரிசையில் காட்டுகிறது: இப்புலம், இவ்வுட்பிரிவு, இத்தனை பரப்பு, இன்ன தீர்வை, இன்னாருடையது. சிட்டாவோ அதே செய்தியைப் பட்டாதாரர் வரிசையில் திரட்டி, இன்னாருக்கு எந்தெந்தப் புலங்கள் உள்ளன என்று காட்டுகிறது. அடங்கல், பசலி ஆண்டுதோறும் அந்தந்தப் புலத்தில் விளைந்த பயிரைப் பதிகிறது. ஒரே நிலத்தின் உரிமை இவ்வாறு இரண்டு ஏடுகளில் எழுதப்படுவதால், நிலம் கைமாறும்போது ஓர் ஏடு திருத்தப்பட்டு மற்றோர் ஏடு திருத்தப்படாமல் நின்றுவிட்டால், எது மெய் என்ற வழக்கு எழுகிறது. ஆண்டுக்கொருமுறை தாலுகா அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்தி, இத்தகைய முரண்களையும் களைய உதவும் கிராமக் கணக்குத் தணிக்கையாகும்.

1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் வெளியிட்ட தரவுத்தளக் கோட்பாடு இச்சிக்கலுக்கே விடை கூறுகிறது. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுதி வைத்து, பிற அனைத்தையும் கேட்கும்போது அதிலிருந்து வருவித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். உரிமையை ஒருமுறை மட்டும் பதிந்துவிட்டால், புல எண்ணால் கேட்பவருக்கு ‘அ’ பதிவேடும் பெயரால் கேட்பவருக்குச் சிட்டாவும் ஒரே மூலத்தினின்று பிறக்கும். இரண்டும் முரண்பட வழியே இராது. தமிழ்நாட்டு நில ஆவணங்களைக் கணினிமயமாக்கிய தேசியத் தகவலியல் மையத்தின் பணி இத்தகையதே. கூட்டுப் பட்டாவில் பங்காளிகளின் உரிமையை எவ்வாறு குறிப்பது, உட்பிரிவு மீண்டும் பிரியும்போது பழைய எண்ணின் சரித்திரத்தை எவ்வாறு காப்பது என்னும் வினாக்களை ஒரு மாணவர் தம் சொந்த ஊர்க் கணக்கை முன்வைத்துச் சிந்திப்பாராயின், ஒரே செய்தி இருமுறை பதியாதவாறு தரவைப் பிரித்தமைக்கும் முறையாகத் தேர்வுக்காக உருப்போட்ட ‘நார்மலைசேஷன்’ அவருக்கு அன்றுதான் விளங்கும். எந்த நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருள் சந்தையில் ஏறினாலும் இறங்கினாலும், அங்ஙனம் விளங்கிய அறிவு தேய்வதில்லை.

5. உத்தியோகங்களின் விரிவு

வேலை என்றவுடன் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குச் செல்வதையோ, பெங்களூருக்கோ 1990-இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ பெயர்வதையோ மட்டும் நினைப்பது வழக்கமாகிவிட்டது. அங்குள்ள சேவை நிறுவனங்களில் நிரல் எழுதுதல், டெஸ்டிங், சப்போர்ட் முதலிய பணிகளே தொடக்கநிலையாளருக்கு மிகுதியாகக் கிடைக்கின்றன. அவை இழிவானவை அல்ல. ஆயின் இப்பள்ளத்தாக்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் கூர்ந்து நோக்கினால் கணினி அறிவை வேண்டி நிற்கும் தொழில்கள் பல உள. மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில், ராக்கெட் எஞ்சின் பரிசோதனை ஒவ்வொன்றும் அழுத்தம், வெப்பம், அதிர்வு என்னும் அளவீடுகளைச் சில கணங்களில் கொட்டிவிடுகிறது. அவற்றைப் பதிந்து பகுத்தறிவது கணினிப் பணியே. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் பிழைக்கு இடங்கொடாத மென்பொருளை வேண்டுகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் முதல் கயத்தாறு வரை நிற்கும் காற்றாலைகள் நாளை எவ்வளவு மின்சாரம் தரும் என்று முன்கணித்துச் சொல்லுதல், புள்ளியியலும் நிரலாக்கமும் கலந்த தொழில். தூத்துக்குடியில் 1921-ஆம் ஆண்டில் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி போன்ற வங்கிகளும், மாவட்ட ஆட்சியகங்களும், மேல்நிலைப் பள்ளிகளின் கணினி ஆசிரியர் பணியிடங்களும் வேறு வாயில்கள்.

இவற்றுள் எதிலும் குறிப்பிட்ட ஒரு கருவியைக் கையாளும் பழக்கம் மட்டும் நெடுநாள் போதாது. ஒய்2கே எனப்பட்ட 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைத் தீர்க்கக் கோபால் (COBOL) என்னும் நிரல்மொழி அறிந்தோரைத் தேடித் தேடி எடுத்த நிறுவனங்கள், அவ்வாண்டு கழிந்ததும் அத்தேவையைக் குறைத்துக்கொண்டன. 2001-இலும் 2008-இலும் நேர்ந்த வீழ்ச்சிகளில் நியமனங்கள் சுருங்கின. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், தொடக்கநிலையாளர் எழுதிவந்த சாதாரண நிரலை இயந்திரமே எழுதிக் கொடுக்கிறது. எஞ்சி நிற்பது, எழுதப்பட்ட நிரல் சரியா, எந்தச் சந்தர்ப்பத்தில் பிழைபடும், ஆயிரம் பேர் ஒரே வேளையில் வந்தால் தாங்குமா என்று தீர்ப்புச் சொல்லும் திறன். அத்திறன், மாணவர்கள் அரியர் வைப்பதற்கென்றே பிறந்த பாடங்களாகக் கருதி வெறுக்கும் தனிநிலைக் கணிதத்திலும் அல்காரிதப் பகுப்பாய்விலும் வேரூன்றியிருக்கிறது.

6. ஓர் ஆட்சேபமும் சமாதானமும்

கோட்பாடு வசதியுள்ளோர்க்கு உரியது; கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்த பீடித்தொழிலாளர் குடும்பத்துக்கு வேண்டுவது உடனடி வருமானமே என்று ஒரு சாரார் ஆட்சேபிக்கலாம். இந்த ஆட்சேபத்தில் கருணை இருக்கிறது. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் கைத்திறன் காலாவதியானபோது நேர்வது யாது? வசதியுள்ளவர் வேலையை விட்டு ஓராண்டு மறுபடியும் படிக்கலாம்; வெளிநாட்டுப் பட்டமும் பெறலாம். மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டியவருக்கு அந்த அவகாசம் இல்லை. தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் வல்லமையைக் கல்லூரியிலேயே பெற்றாகவேண்டியவர் அவரே. நிலைத்த அறிவு வறியவருக்கே முதலில் வேண்டப்படுவது.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. செய்முறைத் தேர்வில், நெட்டுருப் போட்ட நிரலுக்குப் பதிலாக, முன்பு பார்த்திராத, பிழையுள்ள நிரலொன்றைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுதல் வேண்டும். இதற்குப் புதிய கட்டிடமோ நிதியோ தேவையில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட், கிராம நிலக்கணக்கு, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்ப் பங்கீடு, காற்றாலை முன்கணிப்பு போன்ற உள்ளூர்ப் பொருள்களில் அமைய வேண்டும். மாணவர் நேரிற் சென்று விசாரித்தறிய வேண்டிய பொருளைக் கடையில் ஆயத்தமாக வாங்குவது அரிது. கோட்பாட்டை முதலில் தமிழில் விளங்கச் சொல்லி, பின்னர் ஆங்கிலக் கலைச்சொற்களைச் சேர்த்துக் கொடுக்க ஆசிரியர் தயங்கலாகாது. இவை அனைத்துக்கும் மேலாக, கல்லூரியை மதிப்பிடும் அளவுகோல் மாறவேண்டும். பிளேஸ்மென்ட் நாளில் எத்தனை பேர் எவ்வளவு சம்பளத்துக்கு எடுக்கப்பட்டனர் என்று விளம்பரப் பலகையில் எழுதும் கல்லூரி, பத்தாண்டுகளுக்கு முன் தன்னிடம் பயின்றவர்கள் இன்று எந்நிலையில் உள்ளனர், எத்தனை முறை தொழில்நுட்பம் மாறியும் வேலையில் நிலைத்தனர் என்பதையும் விசாரித்து எழுதுமாயின், பெற்றோர் தம் பணத்தையும் பிள்ளையின் நான்காண்டுகளையும் எங்கே ஒப்படைப்பது என்பதைத் தாமே சரிவரத் தீர்மானித்துக்கொள்வர்.